யாருடைய பிழை? நோபேர்ட் வீனரின் இளமைக்கால நினைவுகளை முன்வைத்து

மேதைக் குழந்தைகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள், ஆசிரியர்கள், உளவியலாளர்கள், பத்திரிகைக்காரர்கள். அந்தக் குழந்தையாக இருந்தவரே வளர்ந்தபின் எழுத முன்வருவது அரிது. அப்படி எழுதினாலும் ஒன்றில் அது தாய் தகப்பனுக்கான நன்றி மலராகிவிடும், அல்லது அவர்கள் மீதான குற்றப்பத்திரிகையாகிவிடும். கணிதவியலாளர் நோபேர்ட் வீனர் 1953இல் வெளியிட்ட 'எக்ஸ்-புரொடிஜி' என்ற நூல் இந்த இரண்டுக்குள்ளும் அடங்க மறுக்கிறது. 'முன்னாள் மேதைக் குழந்தை' என்று தமிழில் சொல்லலாம். முன்னாள் அமைச்சர், முன்னாள் போராளி என்கிறோமே, அதுபோலக் கைவிட்டுப்போன ஒரு பதவியின் பெயராகவே வீனர் இதைத் தெரிவு செய்தார் என்று எமக்குப் படுகிறது.

வீனரை அறியாதவர்களுக்காகச் சில தகவல்கள். 1894இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் உயர்தரப் பாடசாலை, பதினொரு வயதில் டஃப்ற்ஸ் கல்லூரி, பதினான்கு வயதில் பட்டம், பதினெட்டு வயதில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதி. 1919 முதல் மசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் கணித ஆசிரியர். இன்று கணினியோடும் இணையத்தோடும் ஒட்டி நாம் வாய்க்கு வந்தபடி சொல்லும் 'சைபர்' என்ற முன்னொட்டு, 1948இல் அவர் எழுதிய 'சைபர்நெற்றிக்ஸ்' என்ற நூலிலிருந்து பரவியது. 1964இல் சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில் இறந்தார். இவை எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும். இந்த வயதுப் பட்டியலுக்குள் நின்ற பையனுக்கு என்ன நடந்தது என்பதை அறியத்தான் இந்நூலுக்கு வரவேண்டியிருக்கிறது.

கதை அவருடைய தகப்பனாரிடமிருந்து தொடங்குகிறது. லியோ வீனர் ஒரு புலம்பெயர்ந்தவர். அன்றைய ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த பியாலிஸ்ரொக் நகரில் 1862இல் பிறந்த யூதர். வார்சோவில் மருத்துவமும் பேர்லினில் பொறியியலும் தொடங்கி, இரண்டையும் இடையில் விட்டவர். (இதை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.) ரோல்ஸ்ரோயின் கருத்துகளில் மனதைப் பறிகொடுத்து, இறைச்சியைத் துறந்து, மத்திய அமெரிக்காவில் மரக்கறி உண்போருக்கான ஒரு குடியிருப்பை உருவாக்குவதற்கென்று கப்பலேறினார். கூட வரவிருந்தவர் கழன்றுகொள்ள, நியூ ஓர்லியன்ஸ் துறைமுகத்தில் தனியாளாக, கையில் சில்லறைக் காசுடன் வந்திறங்கினார். பஞ்சாலையில் வேலை, தோட்டத்தில் வேலை, தெருத்தெருவாகச் சாமான் விற்பனை. பிறகு கன்சாஸ் நகரில் பள்ளிக்கூட வாத்தியார், மிசூரிப் பல்கலைக்கழகத்தில் மொழி ஆசிரியர். அந்த வேலையும் போக, குடும்பத்தோடு பொஸ்ரனுக்கு வந்து, கடைசியில் ஹாவார்டில் சிலாவிய மொழிகளைக் கற்பித்துப் பேராசிரியரானார். ரோல்ஸ்ரோயின் படைப்புகளை 24 தொகுதிகளாக இரண்டே வருடத்தில் தனியொருவராக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான்.

எம்மவர்களுக்கு இந்த வழித்தடம் புதியதல்ல. ஊரில் ஒரு வாழ்க்கை, வந்த இடத்தில் கோப்பை கழுவல், பிறகு மெதுமெதுவாக ஏதோவொரு படி. வேலியும் வளவும் கடல் தாண்டி வருவதில்லை. சுங்கத்தில் பறிக்க முடியாத ஒரேயொரு பொருள் தலைக்குள் இருக்கிறது என்று லியோ நம்பினார். அதைத் தன் மூத்த மகனின் தலைக்குள்ளும் போட்டுவிட முனைந்தார். அந்த முனைப்பை இழிவாகப் பேச எமக்கு மனம் வரவில்லை, வீனருக்கும் வரவில்லை.

ஆனால் அவருடைய கற்பிக்கும் முறை வேறு கதை. நோபேர்ட் சின்ன வயதில் வாய்ப்பாட்டில் தடுமாறியவன். கூட்டுவதற்கு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவன். பள்ளிக்கூடத்தின் கணக்கு இவனுக்குச் சலிப்பூட்டுகிறது என்று முடிவுகட்டிய தகப்பன், பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து நேரே அட்சரகணிதத்தில் இறக்கினார். அது அபாரமான கணிப்பு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாடம் இதமான உரையாடலாகத்தான் ஆரம்பிக்கும். முதற்பிழை வரும்வரை. பிழை வந்ததும் அந்த மனிதர் மறைந்து வேறொருவர் வந்துவிடுவார். குரல் உயரும், வசை வரும். தகப்பன் கொதிக்க, மகன் அழ, தாய் இடையில் புகுந்து தடுக்க, பாடம் முடியும். அதோடும் முடியாது. பையன் விட்ட பிழைகள் சாப்பாட்டு மேசையில், விருந்தினர் முன்னிலையில் மறுபடி எடுத்துச் சொல்லப்படும்.

இந்தப் பக்கங்களை நாம் முதன்முதல் வாசித்த காலத்தில் எமது மூத்த மகளுக்கு ஒன்பது வயது. மாலையில் குசினி மேசையில் எதிரே இருந்து அவளுடைய கணக்குக் கொப்பியைத் திருத்துவது எமது வழக்கம். நாம் ஏசுவதில்லை, கை நீட்டுவதில்லை. ஆகவே லியோவுக்கும் எமக்கும் சம்பந்தமில்லை என்று ஆறுதலாகவே பக்கத்தைப் புரட்டினோம். இரண்டு நாள் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தோம். அவள் கொப்பியைப் பார்த்துக் கணக்குச் செய்யவில்லை. பென்சிலை ஒரு இலக்கத்தின் மேல் பிடித்தபடி எமது முகத்தைப் பார்த்தாள். புருவம் அசைந்தால் அழித்தாள், அசையாவிட்டால் அடுத்த வரிக்குப் போனாள். விடைகள் எல்லாம் சரியாக இருந்தன.

வீனர் சொல்லும் இன்னொரு சம்பவம் உண்டு. எட்டு வயதளவில் அவரது கண்பார்வை மோசமடைய, ஆறு மாதம் எதையும் வாசிக்கக் கூடாது என்று வைத்தியர் கட்டளையிட்டார். பாடம் நிற்கவில்லை, வாய்வழியாக நடந்தது. தாளும் பென்சிலும் இல்லாமல் மனதுக்குள்ளேயே கணக்கைப் பிடித்து வைத்துப் புரட்டும் பழக்கம் அப்போதுதான் வந்தது என்கிறார். கெடுதலிலிருந்து கிடைத்த நன்மையை மறைக்காமல் சொல்கிறார், அதற்காகக் கெடுதலை நன்மையென்று பெயர்மாற்றவும் இல்லை. இந்த நேர்மைதான் நூலின் பலம்.

நூலின் மையம் என்று நாம் கருதுவது 1911இல் நடந்த ஒரு சிறு விஷயம். அதற்கு முன்னரே, 1906இல் கல்லூரிக்குள் நுழைந்தபோது, நியூயோர்க் பத்திரிகை ஒன்று பையனைத் தலைப்புச் செய்தியாக்கி ஊர் கூட்டியிருந்தது. அது வெறும் வேடிக்கை. 1911இல் ஒரு சஞ்சிகைக் கட்டுரையில் லியோ வீனர் தன் பிள்ளைவளர்ப்பு முறையை விளக்கினார். என் மகனோ மகள்மாரோ பிறவியிலேயே அசாதாரணமானவர்கள் என்று சொல்வது அபத்தம், அவர்கள் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் அறிந்திருந்தால் அது பயிற்றுவித்த விதத்தால் என்பது அவர் சொன்னதன் சாரம். தகப்பன் தன்னடக்கத்தோடுதான் பேசியிருக்கிறார். பிறப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்ற சமத்துவக் கொள்கைகூட அதில் உண்டு. ஆனால் பதினாறு வயதில் அதை அச்சில் வாசித்த மகனுக்கு விளங்கியது வேறு. தன் வெற்றிகள் தகப்பனுடையவை, தன் தோல்விகள் மட்டும் தன்னுடையவை.

பூரணத்துவ வெறி என்று இன்று உளவியல் புத்தகங்கள் பேசுவதை நாம் வழமையாகப் பேராசையின் ஒரு வகையாகவே புரிந்துகொள்கிறோம். நூறுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்த பிள்ளை மிச்சம் இரண்டுக்காக அழுகிறது, பாருங்கள் எவ்வளவு ஆர்வம் என்கிறோம். வீனரை வாசித்தபின் அந்த அழுகை எமக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. தொண்ணூற்றெட்டும் வேறு யாருக்கோ போய்விட்டது, பிள்ளையின் பெயரில் எழுதப்பட்டிருப்பது அந்த இரண்டு மட்டும்தான். தனக்கென்று எஞ்சிய ஒரே சொத்து பிழையாக இருக்கும்போது அதைக் கண்டு நடுங்காமல் என்ன செய்வது? டஃப்ற்ஸ் கல்லூரியை முடித்த பதினான்கு வயதில் வீனர் ஆழ்ந்த சோர்வுக்குள் விழுகிறார். சிறந்த மாணவர்களுக்கான கௌரவச் சங்கத்தில் அவரைச் சேர்க்கவில்லை. மேதைக் குழந்தைகள் பின்னாளில் என்ன ஆவார்களோ என்ற சந்தேகமே காரணம் என்று அறிகிறார். மற்றவர்கள் தன்னை இயற்கையின் விநோதமாகப் பார்க்கிறார்கள் என்பது அன்றுதான் முழுதாக உறைக்கிறது. தான் எத்தனை வயதுவரை இருப்பேன், எவ்வளவு செய்ய முடியும் என்றெல்லாம் கணக்குப் பார்க்கிறான் அந்தப் பையன்.

வீனர் தன்னைத் தனியான ஒருவராகக் காட்டிக்கொள்ளவில்லை. 1909இல் ஹாவார்டில் அவரோடு இன்னும் சில சின்னப் பையன்கள் இருந்தார்கள். அவர்களில் வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ் என்பவனுக்கு ஒதுக்கிய பக்கங்கள் நூலிலேயே மிகவும் கனமானவை. சைடிஸின் தகப்பன் போரிஸும் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூத அகதி. உக்ரேனில் குடியானவர்களுக்கு எழுத்தறிவித்த குற்றத்துக்காகச் சிறை சென்றவர், ஹாவார்டில் உளவியல் கற்றவர். சைடிஸ் பதினொரு வயதில் ஹாவார்டில் சேர்ந்து, 1910 ஜனவரியில் அங்குள்ள கணிதக் கழகத்தில் நாற்பரிமாண உருவங்களைப் பற்றி விரிவுரை செய்தான். அதைக் கேட்டிருந்த வீனர், எந்த வயது ஆராய்ச்சி மாணவனுக்கும் பெருமை சேர்க்கக்கூடிய பேச்சு அது என்கிறார். பிறகு? 1919 மே தினத்தில் பொஸ்ரன் ஊர்வலத்தில் கைது. பிறகு கூட்டல் இயந்திரம் இயக்கும் சாதாரண எழுதுவினைஞர் வேலைகள். ட்ராம் வண்டிகளின் மாற்றுச் சீட்டுகளைச் சேகரித்து, அந்தச் சேகரிப்பைப் பற்றி 1926இல் புனைபெயரில் ஒரு புத்தகம். 1937இல் 'நியூயோர்க்கர்' சஞ்சிகை அவரைத் தேடிப்பிடித்து, இவர் இப்போது எங்கே என்று எள்ளலோடு எழுதியது. சைடிஸ் வழக்குப் போட்டார். மேதைக் குழந்தையாக இருந்த ஒருவர் பின்னாளில் என்ன ஆனார் என்று அறியப் பொதுமக்களுக்கு நியாயமான அக்கறை உண்டு என்று 1940இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தரங்க உரிமை பற்றிய அவரது கோரிக்கையைத் தள்ளியது. 1944இல், நாற்பத்தாறாவது வயதில், மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார்.

இந்தக் கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் 'வீணாய்ப் போன மேதை' என்றே சொல்கிறார்கள். வீனர் ஒருவர்தான் அந்தச் சஞ்சிகை மீது கோபப்படுகிறார். சைடிஸ் தன் உழைப்பில் தன் ரொட்டியைத் தின்றுகொண்டு யாருக்கும் தொல்லையில்லாமல் இருந்தார், அவரை ஏன் இழுத்து வந்து தெருவில் நிறுத்தினீர்கள் என்று கேட்கிறார். எமக்கு ஒரு படி மேலே போகத் தோன்றுகிறது. கூட்டல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பதும், பாவித்து முடித்த ட்ராம் சீட்டை ஆசையோடு எடுத்துப் பார்ப்பதும் சைடிஸ் தானாகத் தெரிவு செய்தவையாக இருக்கலாமல்லவா? வேறு எவரும் உரிமை கோராத துறை அது.

எமது சமூகத்துக்கு வருவோம். புள்ளிகளின் மீதான எமது மோகத்தைக் கேலி செய்வது மிகவும் சுலபம். புலம்பெயர் எழுத்தில் அந்தக் கேலி நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த மோகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1971இல் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியான தரப்படுத்தல் வந்தபோது, மருத்துவபீடம் புக சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதும், தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 வேண்டும் என்றாயிற்று. பரீட்சைத் தாளில் விழுந்த இந்த வெட்டு ஒரு தலைமுறையின் அரசியலையே திசை திருப்பியது. அந்தத் தலைமுறைதான் பின்னர் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிள்ளைகளைப் பெற்றது. அன்று மறுக்கப்பட்ட இருபத்தொரு புள்ளிகளை இங்கே பிறந்த பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சனிக்கிழமை ரியூஷன், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி, இடையில் வீணை, பரதம், அரங்கேற்றம். பிள்ளை வென்றால் மேடையில் பெற்றோர் பெயர் வாசிக்கப்படும். தோற்றால், 'நாங்கள் இவ்வளவும் செய்தோம்' என்ற ஒரு வாக்கியம் வீட்டுக்குள் சொல்லப்படும். லியோ வீனரின் 1911ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்குள் முழுதாக அடங்கிவிடுகிறது.

இனி, வாழ்க்கைத் திசை பற்றிய பகுதி. பட்டம் பெற்ற வீனருக்கு உயிரியலில் ஆசை. ஹாவார்டில் விலங்கியல் படிக்கச் சேர்ந்தார். கண்பார்வை மட்டம், கையோ விகாரம், ஆய்வுகூடத்தில் எதைத் தொட்டாலும் சரிவரவில்லை. சில மாதங்களில் தகப்பன் முடிவெடுத்தார்: விலங்கியல் வேண்டாம், தத்துவம் படி. வைத்தியத்தையும் பொறியியலையும் இடையில் விட்டு, மரக்கறிக் குடியிருப்பு அமைக்கக் கப்பலேறிய அதே மனிதர்தான் இவ்வாறு முடிவெடுத்தார். தனக்கு எவரும் தடைபோடாத அலைச்சலை மகனுக்கு அவர் அனுமதிக்கவில்லை. கையால் ஆகாதவனும் உயிரியலாளனாக வர வழி இருந்திருக்கலாம், தொடக்கத்தில் தடுமாறுவதற்குக் கொஞ்சம் காலம் தந்திருக்கலாம் என்ற மனக்குறை வீனரின் எழுத்தில் தெரிகிறது. பிழையைத் தாங்கமுடியாத வீட்டில் அந்தக் கொஞ்சக் காலம் கிடைப்பதில்லை.

தத்துவம் படிக்கக் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். உதவித்தொகை இரண்டாம் வருடம் நீடிக்கப்படவில்லை, ஹாவார்டுக்குத் திரும்பினார். 1913இல் கலாநிதியாகி கேம்பிரிட்ஜில் ரஸலிடம் போனார். இந்தப் பையனைப் பற்றி ரஸலுக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. ஆயினும் கணிதம் படி, ஐன்ஸ்ரைனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரைகளை வாசி என்று அவர் சொன்ன புத்திமதி பின்னால் பலன் தந்தது. ஹார்டியின் வகுப்பிலும் வீனர் அமர்ந்தார். இங்கே ஒரு தமிழ்த் தொடர்பு குறுக்கிடுகிறது. அதே மாதங்களில் ஹார்டி சென்னைத் துறைமுகக் கந்தோரின் எழுதுவினைஞர் ஒருவரோடு கடிதத் தொடர்பில் இருந்தார். கல்லூரித் தேர்வில் திரும்பத் திரும்பத் தவறிய இராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அந்த வசந்தத்தில் வீனர் ஜேர்மனியின் கோட்டிங்கனுக்குப் போயிருந்தார். ஒருவர் தகப்பனால் ஒவ்வொரு வரியாகத் திருத்தப்பட்டவர். மற்றவரின் நோட்டுப் புத்தகங்களைத் திருத்த ஊரில் ஆளே இருக்கவில்லை. எது நல்லதென்று தீர்ப்பளிக்க நாம் துணியமாட்டோம். இராமானுஜன் முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனார்.

அதன்பின் வந்த ஐந்து வருடங்கள் வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுத்த வீண். மெயின் மாநிலத்தில் அடங்காத மாணவருக்கு ஆசிரியர், அல்பனியில் கலைக்களஞ்சியம் ஒன்றுக்குக் கட்டுரை எழுதும் கூலி, 1918இல் அபர்டீன் இராணுவத் திடலில் பீரங்கிக் குண்டுகள் செல்லும் பாதைக்கு அட்டவணை போடும் வேலை, பொஸ்ரன் பத்திரிகை ஒன்றில் நிருபர். கலாநிதிப் பட்டம் பெற்ற மேதைக் குழந்தைக்கு இவை எவ்வளவு அவமானம் என்று நினைப்போம். வீனரோ இந்தக் காலத்தைக் கிட்டத்தட்ட மகிழ்ச்சியோடு எழுதுகிறார். தன் சம்பளம், தன் அறை, இரவுபகலாகக் கணக்கும் கணக்குக்காரர்களின் சகவாசமும். எமது வாசிப்பில் நூலின் மிகவும் உயிருள்ள பகுதி இதுதான். விமர்சகர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவது ஏனென்று விளங்கவில்லை.

அவர் கணிதத்துக்குள் உண்மையில் வந்து சேர்ந்தது இன்னும் விசித்திரம். அவருடைய தங்கை கொன்ஸ்ரன்ஸ், ஹாவார்டில் கணிதம் கற்பித்த கேப்ரியல் கிறீன் என்ற இளைஞருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தார். 1919இன் தொடக்கத்தில், அன்று உலகையே வாட்டிய இன்புளுவென்சாக் காய்ச்சலில் கிறீன் இறந்துபோனார். அவருடைய கணிதப் புத்தகங்கள் சில வீனரின் கைக்கு வந்தன. லெபேக், ஃபிரெஷே, தொகையீட்டுச் சமன்பாடுகள். நவீன கணிதம் என்னவென்று அப்போதுதான் முதன்முதல் விளங்கத் தொடங்கியது என்கிறார், கலாநிதியாகி ஆறு வருடம் கழித்து. எந்தத் தகப்பனும் திட்டமிட்டிருக்க முடியாத வாசல். அதே வருடம் தொழில்நுட்ப நிறுவகத்தில் வேலையும் கிடைத்தது. பிரவுணிய இயக்கம் பற்றிய அவரது பெரிய வேலைகள் சில வருடங்களுக்குள் வந்துவிட்டன.

இங்கே வீனரோடு எமக்கு ஒரு சண்டையும் உண்டு. மணமாகவிருந்தவரை இழந்த தங்கையின் துக்கம் நூலில் எங்கே? புத்தகங்கள் வந்த வழியாக மட்டும்தான் அவள் அங்கே நிற்கிறாள். லியோவின் 1911ஆம் ஆண்டுப் பேச்சில் மகள்மாரும் இருந்தார்கள். அவர்களும் அதே மேசையில் வளர்ந்தவர்கள். ஆனால் அவர்களை எந்தப் பத்திரிகையும் தலைப்பிலிடவில்லை, தமையனும் தன் ஆராய்ச்சியில் அவர்களைச் சேர்க்கவில்லை. தாயோ சண்டையை விலக்கும் கைகளாகவும், வெளியாரைப் பற்றி வெறுப்போடு பேசும் வாயாகவும் மட்டும் வந்துபோகிறார். தகப்பனுக்கும் மகனுக்கும் இடையிலான வழக்கு இவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகும் வீட்டில் பெண்களின் வாக்குமூலம் எடுக்கப்படவேயில்லை. எமது சமூகத்தின் தன்வரலாறுகளுக்கும் இது பொருந்தும், அதை வேறொரு சந்தர்ப்பத்தில் பார்க்கலாம்.

அந்த வெறுப்புப் பேச்சு யூதர்களைப் பற்றியது. இரு வழியிலும் யூதக் குடும்பம், ஆனால் பிள்ளைகளுக்கு அது சொல்லப்படவில்லை. 1910இல், கோர்னெலுக்குப் போன சமயம், குடும்ப நண்பரான பேராசிரியர் ஒருவர் சாப்பாட்டு நேரப் பேச்சில், வீனர் குடும்பம் மத்தியகால யூத ஞானி மைமோனிடஸின் வழிவந்தது என்றொரு கதை உண்டே என்கிறார். பதினைந்து வயதில் பையனுக்கு அப்படித்தான் தெரியவந்தது. தாய் இத்தனை நாள் இகழ்ந்து பேசியது தன்னைத்தான் என்று உணர்ந்தபோது ஏற்பட்ட குலைவை வீனர் மறைக்காமல் எழுதுகிறார். ஒரு விஷயத்தை மட்டும் சேர்த்துச் சொல்லவேண்டும். சின்னப் பிழையைக்கூட ஒளிக்கவிடாத தகப்பன், வீட்டின் பெரிய உண்மையைத் தானே ஒளித்து வைத்திருந்தார். பிள்ளை அந்நிய நாட்டில் தடையின்றி மேலே போகட்டும் என்ற நோக்கம்தான். தமிழ் கதைக்காமல் பிள்ளை வளர்த்த சில வீடுகளை நாம் அறிவோம், அங்கும் நோக்கம் நல்லதாகவே இருந்தது.

கடைசியாக, கைவிடப்பட்ட விலங்கியலுக்கு என்ன ஆயிற்று என்பது இந்நூலின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. வீனர் நாற்பதுகளில் மெக்சிக்கோவின் உடற்றொழிலியலாளர் ஆர்துரோ ரோசன்புளூத்துடன் சேர்ந்து நரம்பையும் தசையையும் இதயத்தையும் ஆராயத் தொடங்கினார். 'சைபர்நெற்றிக்ஸ்' நூலின் துணைத்தலைப்பில் விலங்கும் இயந்திரமும் அருகருகே நிற்கின்றன. 1910இல் அடைக்கப்பட்ட கதவால் ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து உள்ளே வந்திருக்கிறார். இன்னொன்று: அந்நூலின் முதற்பதிப்பு அச்சுப்பிழைகளால் நிறைந்திருந்தது. அச்சுத்தாள் திருத்தவேண்டிய நேரத்தில் அவருடைய கண்ணில் கோளாறு. ஒரு பிழைக்கு ஒரு பூகம்பம் வெடித்த வீட்டில் வளர்ந்தவரின் தலைசிறந்த புத்தகம் பிழைகளோடு உலகத்துக்குப் போனது, உலகமும் அதை வாங்கிப் படித்தது. ஆனாலும் பயம் போகவில்லை. தொழில்நுட்ப நிறுவகத்தின் நடைவழிகளில் எதிர்ப்படும் சக ஆசிரியர்களை நிறுத்தி, என் வேலை இன்னும் தரமாகத்தான் இருக்கிறதா, நான் சறுக்குகிறேனா என்று அவர் கேட்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அறுபது வயதைத் தாண்டியும், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்தே விடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எவரையும் கேட்காமல் எடுத்த முடிவொன்றும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்காக உழைத்தவர், போர் முடிந்தபின் ஏவுகணை ஆராய்ச்சியாளர் ஒருவர் அவருடைய பழைய அறிக்கையின் பிரதியைக் கேட்டபோது தர மறுத்தார். மறுப்புக் கடிதத்தை 1947 ஜனவரியில் 'அற்லான்ரிக்' சஞ்சிகையில் பகிரங்கமாக வெளியிட்டார். இதில் ரோல்ஸ்ரோயை மொழிபெயர்த்தவரின் சாயல் இருக்கிறது. லியோ கற்பிக்காமலே கற்பித்த பாடம் அதுவாக இருக்கக்கூடும்.

லியோ 1939இல் இறந்தார். 1950இல் வெளிவந்த தன் நூலொன்றை வீனர் அவருடைய நினைவுக்குச் சமர்ப்பித்தார். அந்தச் சமர்ப்பண வரியில் தகப்பனைத் தனக்கு மிக நெருங்கிய ஆசானென்றும் மிகப் பிரியமான எதிராளியென்றும் ஒரே மூச்சில் அழைக்கிறார். தன்வரலாறு எழுதப்பட்டது அதற்கு மூன்று வருடம் பிந்தி. நாம் வாசித்தது மறுவளம்: தன்வரலாற்றை முடித்தபின்தான் அந்தச் சமர்ப்பணம் கண்ணில் பட்டது. அன்று மாலை மகள் கொப்பியோடு வந்தபோது, செய்து முடித்துவிட்டுக் கொண்டுவா என்று சொல்லி, எழுந்து அடுத்த அறைக்குப் போனோம். அவள் நெடுநேரம் வரவில்லை. கொண்டுவந்தபோது பத்துக் கணக்கில் மூன்று பிழை.